புள்ளியிடும் திட்டத்தில் இல்லாத விடை

மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் புதிய பாடத் தொகுதிகளை எழுதிக்கொண்டிருக்கும் குழுவினருக்கும், பரீட்சைத் திணைக்களத்தில் வினாத்தாள் அமைப்போருக்கும்,

வணக்கம்.

கிழக்கு மாகாணத்தில் தமிழ்மொழி மூலப் பாடசாலை ஒன்றில் குடியுரிமைக் கல்வியும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியர் எழுதும் மடல் இது. தனி மடலாக எழுதியிருந்தால் ஏதேனும் ஒரு கோவைக்குள் போய்ப் படுத்திருக்கும். அதைவிடவும், இதில் சொல்லப்போவது பெற்றோருக்கும் உரியது என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கல்விச் சீர்திருத்தம் பற்றி நீங்கள் பேசும்போதெல்லாம் விமர்சனச் சிந்தனை என்ற சொல் வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அது மகரகமவிலிருந்து புறப்பட்டு எங்கள் வகுப்பறைக்கு வந்து சேரும்போது எந்தக் கோலத்தில் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். "விமர்சனச் சிந்தனையின் பண்புகள் ஐந்து தருக" என்று வரும். நான் ஐந்தையும் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் ஒப்புவிப்பார்கள். ஆறாவது பண்பு ஒன்றைச் சொந்தமாக யோசித்து எழுதும் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்காது, ஏனென்றால் அது புள்ளியிடும் திட்டத்தில் இல்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்ற குறளுக்கு இது ஏற்கெனவே நடந்துவிட்டது. யார் சொன்னாலும் அப்படியே ஏற்காதே என்று சொல்லும் குறளின் பொருளை, ஆசிரியர் சொன்னபடி அப்படியே எழுதினால்தான் முழுப் புள்ளி. காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்ன போதனைக்குச் சிங்கள மொழி மூல வகுப்பிலும் இதே கதி என்று அங்கு கற்பிக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். கேள்விப்பட்டது என்பதற்காகவும், வழிவழியாக வந்தது என்பதற்காகவும், சொன்னவர் நம் குரு என்பதற்காகவும் எதையும் நம்பிவிடாதீர்கள் என்கிறது அந்தப் போதனை. அதையும் குருவின் வாயால் கேட்டுத்தான் பாடமாக்குகிறார்கள்.

எனவே என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமர்சனச் சிந்தனையை வரைவிலக்கணமாகத் தராதீர்கள். இந்த நாட்டில் நாங்கள் நம்பி ஏமாந்த பொய்களையே பாடமாக வையுங்கள். பெயர், திகதி, ஆவணம் எல்லாவற்றோடும் வையுங்கள். எல்லாச் சமூகங்களின் பொய்களையும் வையுங்கள்.

படிக்காத மக்கள்தான் வாய்ச்சவடாலுக்கு மயங்குவார்கள் என்ற எண்ணம் கொழும்பு மேசைகளில் இன்னும் இருக்கிறது. ஆசியாவில் சர்வசன வாக்குரிமை முதலில் கிடைத்த நாடுகளில் ஒன்று இலங்கை, 1931இல். இலவசக் கல்வி 1940களிலேயே வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல். இப்படிப்பட்ட நாட்டில்தான் 1956இல் "24 மணித்தியாலத்தில் சிங்களம் மட்டும்" என்ற வாக்குறுதி தேர்தலை வென்றது. 1970இல் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்ற பேச்சு எடுபட்டது. 2019இல் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு 69 இலட்சம் வாக்குகள் விழுந்தபோது அவருக்குப் பின்னால் வியத்மக என்ற பெயரில் அணிதிரண்டு நின்றவர்கள் பேராசிரியர்கள், மருத்துவர்கள், தொழிலதிபர்கள். பட்டம் போதாமல் போனதால் வந்த வினை அல்ல அது.

மக்களின் பயத்தையும் பெருமையையும் தூண்டி ஆதரவு தேடும் அரசியலை, வெகுசனவாதம் என்று நாங்கள் பாடப்புத்தக மொழியில் சொல்வது, நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதைப் பிள்ளைக்குக் காட்ட அம்பாறை போதும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அந்த நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்துக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் தன் கறியில் கட்டியாக ஏதோ கிடப்பதைக் கண்டு சத்தம் போடுகிறார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்கிறார். கூட்டம் சேர்கிறது. காசு மேசையில் இருந்த இளைஞருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. அவரைச் சூழ்ந்து நின்று, போட்டாயா போட்டாயா என்று கேட்கிறார்கள். கேள்வி புரியாமலோ, அடிக்குப் பயந்தோ, அவர் தலையாட்டி, போட்டோம் என்ற பொருள்பட உடைந்த சிங்களத்தில் ஏதோ சொல்கிறார். ஒரு கைப்பேசி அதைப் பதிவு செய்கிறது. முகநூலில் ஏறிய அந்தச் சில விநாடிகள் குற்ற ஒப்புதலாகிவிட்டன. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாட்களில் கண்டி மாவட்டத்துத் திகனவும் எரிந்தது. அவசரகாலச் சட்டம் வந்தது, முகநூல் முடக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையும் வந்தது: அது மாவுக்கட்டி. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மாத்திரை உலகில் எங்கும் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

இந்தச் சம்பவத்தைத் தரம் 10 பிள்ளைகளிடம் வைத்தால் அவர்கள் கேட்கும் கேள்விகள் அருமையானவை. அந்த அண்ணனிடம் எந்த மொழியில் கேட்டார்கள்? வீடியோ எங்கே தொடங்குகிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது? மாத்திரையை யாராவது ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார்களா? இதற்கெல்லாம் வரைவிலக்கணம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு குருநாகல். உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்து ஒரு மாதமே ஆகியிருந்தது. மட்டக்களப்பிலும் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் செத்துக் கிடந்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கவே மாட்டேன். 2019 மே 23ஆம் திகதி சிங்கள நாளிதழ் ஒன்று, ஒரு மருத்துவர் சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது 4,000 சிங்களப் பௌத்தப் பெண்களை இரகசியமாக மலடாக்கிவிட்டார் என்று முதற்பக்கத்தில் எழுதியது. பெயரைப் போடவில்லை, ஆனால் அடுத்த இரண்டு நாட்களுக்குள் குருநாகல் போதனா வைத்தியசாலையில் பணியாற்றிய முஸ்லிம் மருத்துவர் ஒருவர் கைதானார். (அவர் பெயரை நானும் எழுதவில்லை. அது போதுமான அளவு தெருவில் இழுபட்டுவிட்டது.)

இந்த இடத்தில் கணித ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சிசேரியன் அறையில் ஒரு மருத்துவர் தனியாக நிற்பதில்லை. மயக்க மருந்து கொடுப்பவர், உதவி மருத்துவர், தாதியர், சிற்றூழியர் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. பெரும்பாலும் தாயும் விழித்திருக்கிறார். 4,000 முறை, அத்தனை கண்களுக்கு முன்னால், ஒருவர்கூடக் காணாமல் இது நடந்திருக்க வேண்டும். அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர். இதை யோசிக்க மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை, ஒரு தாளும் பென்சிலும் போதும். ஆனால் அந்தக் கணக்கைப் போடச் சொல்லி எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை. போடத் தெரிந்த மருத்துவர்களில் சிலரே குற்றஞ்சாட்டியவர்களின் பக்கம் நின்றார்கள். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதமே நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது. 2022இல் மருந்தில்லாமல் வைத்தியசாலைகள் தவித்தபோது, தனக்கு வந்து சேர்ந்த சம்பள நிலுவையை மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார் அந்த மனிதர்.

நான் ஏன் முஸ்லிம்களுக்கு எதிரான பொய்களையே முதலில் எடுத்தேன் என்று சில தமிழ் வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் வட்ஸ்அப் குழுக்களிலும் அந்தக் கதைகள் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாறி, ஒரு சந்தேகமும் இல்லாமல் ஓடின. எங்களைப் பற்றி அதே வாய்கள் என்னென்ன சொல்லியிருந்தன என்பதை நன்றாக அறிந்த நாங்களே, இன்னொருவரைப் பற்றி அவை சொன்னபோது நம்பினோம்.

கொவிட்டைக் குணமாக்கும் என்று சொல்லப்பட்ட பாணி மருந்து பற்றி நீட்ட வேண்டியதில்லை. தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணி, காளி அம்மன் அருளியதாம், கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சரும் சபாநாயகரும் கமெராக்களுக்கு முன்னால் குடித்தார்கள். 2021 ஜனவரியில் அமைச்சருக்குத் தொற்று உறுதியானது. இதில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது, கற்பிப்பதற்குக் குறைவு. ஒன்றே ஒன்றைச் சொல்லலாம். கேரளத்திலிருந்து வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர் இந்த நாட்டில் வாழ்ந்தவர்தான். மோசடிக்கு இடமில்லாத ஏற்பாட்டில் ஓர் அற்புதத்தைச் செய்துகாட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக அறைகூவல் விடுத்தவர். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் வென்றதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றில் சிரிக்க எதுவும் இல்லை. கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொல்லி, எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் பின்னர் அதையே சொன்னது. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடல் பொரளையில் எரிக்கப்பட்டது. மறுநாட்களில் மயான வேலியில் மக்கள் வந்து வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாறியது, ஓட்டமாவடியில் நிலம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. விஞ்ஞானத்தின் பெயரில் வந்த விதி என்பதால்தான் இது பாடத்துக்கு முக்கியமானது. "நிபுணர் குழு சொன்னது" என்றவுடன் வாயை மூடிக்கொள்வது விமர்சனச் சிந்தனை ஆகாது. எந்தத் துறை நிபுணர், எந்த ஆய்வு, மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று கேட்கப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

பசளைக் கதை இதன் மறுபக்கம். அங்கே நிபுணர்கள் சொன்னது சரி, கேட்பார் இல்லை. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதனப் பசளைக்கு மாற 10 ஆண்டு என்று எழுதியிருந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நின்றுபோனது. அந்த முடிவுக்குப் பின்னால் வெறும் முட்டாள்தனம் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனால் பிள்ளைகள் எதையும் கற்கமாட்டார்கள். வடமத்திய மாகாணத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் ஆயிரக்கணக்கான குடும்பங்களை நாசமாக்கியிருக்கிறது. நஞ்சில்லாத சோறு என்ற ஆசை நியாயமானது. அரசர்கள் காலத்தில் குளமும் சாணமும் கொண்டு நாட்டுக்கே சோறு போட்டோம் என்ற பெருமை இனிமையானது. நியாயமான பயம், இனிமையான பெருமை, உடனடித் தீர்வு. வெகுசனவாதி கையில் எடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றையும்தான், முழுப் பொய்யை அல்ல. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே போன்ற விவசாய விஞ்ஞானிகள் விளைச்சல் சரியும் என்று எச்சரித்தார்கள். அவர் விவசாய அமைச்சோடு சேர்ந்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலில் தீங்கான பக்டீரியா இருந்ததாக எங்கள் ஆய்வுகூடம் சொல்ல, சரக்கை இறக்கவில்லை, ஆனாலும் 67 இலட்சம் டொலர் கட்ட வேண்டிவந்தது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. எங்கள் மாவட்டத்து வயல்களில் அந்தப் போகத்தில் கதிர் எப்படி நின்றது என்பதை மாணவர்களின் தகப்பன்மார் சொல்வார்கள், அதற்கு நான் புள்ளிவிவரம் தேட வேண்டியதில்லை. நாடு அரிசி இறக்குமதி செய்தது. விவசாயிகளுக்கு 20 கோடி டொலர் நட்டஈடு என்று அரசு அறிவித்தது. 2022 ஏப்ரலில், கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்த ஒரு வாரத்துக்குள், பசளைத் தடை தவறு என்று ஜனாதிபதியே ஒப்புக்கொண்டார்.

இனி எங்கள் வீட்டுக்குள் வருகிறேன். தமிழ்மொழி மூலத் தொகுதியில் சிங்கள வெகுசனவாதத்தை மட்டும் வைத்தால் பிள்ளைகள் ஆர்வத்தோடு படிப்பார்கள், பெற்றோரும் கைதட்டுவார்கள், ஒரு பயனும் இராது. அடுத்தவன் ஏமாந்த கதையைக் கேட்பதில் யாருக்கும் சிந்தனை வளராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, அரசையும் இந்திய இராணுவத்தையும் தமிழ் ஆயுத இயக்கங்களையும் ஒரே அளவுகோலால் அளந்து கேள்வி கேட்டார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். துரோகி என்ற ஒற்றைச் சொல் எங்களிடையே எத்தனை விவாதங்களை முடித்துவைத்தது என்பதைக் கற்பிக்காமல், சுதந்திரமான சிந்தனை பற்றித் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன சொல்லப்போகிறோம்? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள். ஒரு சமூகம் முழுவதும் ஒற்றர் என்ற கதை அப்போது எங்களுக்கு எப்படி நம்பக்கூடியதாக இருந்தது? அம்பாறைக் கூட்டத்திடம் கேட்ட அதே கேள்விகளை இங்கேயும் கேட்க வேண்டும். சிங்களத் தொகுதியிலும் முஸ்லிம் பாடசாலைகளிலும் அவரவர் வீட்டுக் கதை இருக்கட்டும். மூன்று இடத்திலும் மூன்றையும் படிக்கட்டும்.

எல்லாவற்றையும் சந்தேகி என்று சொல்லிக்கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. 2022இல் காலிமுகத்திடலில் "225 பேரும் வேண்டாம்" என்று, பாராளுமன்ற உறுப்பினர் அத்தனை பேரையும் நிராகரிக்கும் கோஷம் எழுந்தது. அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குத் தெரியும், நானும் பெற்றோல் வரிசையில் நின்றவன். ஆனால் எல்லோரும் கள்வர் என்று சொல்பவன் எவரையும் விசாரிப்பதில்லை. ஜனாதிபதிக்கு அளவில்லா அதிகாரம் கொடுத்த, அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்துக்கு 2020 ஒக்டோபர் 22இல் 156 பேர் கைதூக்கினார்கள், 65 பேர் எதிர்த்தார்கள். கைதூக்கியவர்களில் எதிர்க்கட்சி ஆசனத்தில் தெரிவானவர்களும் இருந்தார்கள். இவை எல்லாம் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் இருக்கின்றன. தன் மாவட்டத்து உறுப்பினர் அன்று என்ன செய்தார் என்று தேடி எடுத்து, அதே உறுப்பினர் தேர்தல் மேடையில் என்ன சொன்னார் என்பதோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுவதைவிடச் சிறந்த ஒப்படை எனக்குத் தோன்றவில்லை. கள்வனையும் மற்றவனையும் பிரித்தறியாத நாட்டில் கள்வனுக்குத்தான் வசதி.

பரீட்சைத் திணைக்களத்தாருக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் கஷ்டம் எனக்கு விளங்குகிறது. இலட்சக்கணக்கான விடைத்தாள்கள், நாடு முழுவதும் ஒரே அளவுகோல், ஒரு புள்ளி குறைந்தால் வழக்குப் போடத் தயாரான பெற்றோர். ஒற்றை விடை உள்ள வினாவே பாதுகாப்பானது. ஆனால் சித்திரப் பாடத்தில் ஆண்டுதோறும் படங்களுக்குப் புள்ளி இடுகிறோம். எந்தப் புள்ளியிடும் திட்டத்திலும் அந்தப் படம் முன்கூட்டியே வரையப்பட்டிருப்பதில்லை. குடியுரிமைக் கல்வி வினாத்தாளில் ஒரே ஒரு வினா போதும், முதலில். விஞ்ஞாபனத்திலிருந்து ஒரு பந்தி, வர்த்தமானியிலிருந்து இரண்டு வரி, விஞ்ஞானிகளின் எச்சரிக்கை ஒன்று, ஒரு விவசாயியின் கூற்று. இவை எங்கே உடன்படுகின்றன, எங்கே முரண்படுகின்றன, முடிவெடுக்குமுன் இன்னும் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? கடைசிப் பகுதிக்கு எந்த விடையையும் முன்கூட்டி எழுதி வைக்காதீர்கள். காரணம் காட்டியிருக்கிறானா என்று மட்டும் பாருங்கள்.

மகரகமவுக்கு இன்னொன்று, இதுதான் மிக அவசரமானது. ஆசிரியர் வழிகாட்டியில் இந்தச் சம்பவங்களைப் பெயரோடு எழுதுங்கள். எங்கள் பயம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர், தீவிரவாதத்துக்கு எதிரான வரிகளும் அடங்கிய தன் தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 2021 டிசம்பர்வரை உள்ளே இருந்தார். பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. போன காலம் போனதுதான். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு பெற்றோர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினால், அரசியல் கற்பித்தார் என்று அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் வரும். வழிகாட்டியின் இத்தனையாம் பக்கத்தில் இருப்பதைத்தான் கற்பித்தேன் என்று காட்ட ஒரு வரி இருந்தால், தீவு முழுவதும் என்னைப் போன்ற எத்தனையோ பேர் நாளைக்கே தொடங்கிவிடுவார்கள். அந்த வரி இல்லாவிட்டால், ஐந்து பண்புகளைக் கரும்பலகையில் எழுதுவோம்.

அம்பாறை, குருநாகல், பசளை, 1990 ஆகிய நான்கு அலகுகளுக்கு மாதிரிப் பாடங்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். சிங்களத்தில் எழுதித்தர அநுராதபுரத்தில் ஒரு நண்பர் தயாராக இருக்கிறார். எந்தப் பிரிவுக்கு, யார் கவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அறிவித்தால் அனுப்பிவைக்கிறேன். உங்கள் குழு இதை நிராகரிப்பதானால், அதற்கான காரணங்களையும் எழுத்தில் தாருங்கள். அவற்றையும் வகுப்பில் வைத்துப் பிள்ளைகளோடு வாசிப்போம்.

இங்ஙனம்,
ஓர் ஆசிரியர்
மட்டக்களப்பு மாவட்டம்